பிரேக்பாயிண்ட் வைத்தால் கடிகாரம் நிற்கிறது: கெர்னலில் இன்டரப்ட் நிலையைத் தேடிப் பிடிப்பது எப்படி

நான் வேலை பார்க்கும் இடத்தில் ஒரு சின்னக் கெர்னல் (இயங்குதளத்தின் மையநிரல்) இருக்கிறது. 64 பிட் எக்ஸ்86, இரண்டு கோர், விநாடிக்கு 100 டிக். ஒரு அளவைக் கருவிக்காக எழுதி, பன்னிரண்டு வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் தடம் பார்க்கும் வசதி ஒன்று உண்டு. ஒரு ஃபங்ஷன் பெயரைக் கொடுத்தால் அதன் முதல் பைட்டில் பிரேக்பாயிண்ட் (ஓட்டத்தை அங்கே நிறுத்தி நம் நிரலுக்குத் திருப்பும் பொறி) வைத்து, யார் யார் எத்தனை முறை கூப்பிட்டார்கள் என்று குறித்துவைக்கும். போன ஆடியில், புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன் ஸ்பின்லாக் (ஒரே தரவை இரண்டு பேர் ஒரே நேரத்தில் தொடாமல் காக்கும் பூட்டு) எடுக்கும் ஃபங்ஷனில் அதை வைத்தான். அடுத்த நொடியே திரையில் ஓடிய கடிகாரம் நின்றது. கீபோர்டு செத்தது. ஆனால் சீரியல் வயரில் மெயின் லூப் துப்புகிற புள்ளிகள் மட்டும் நிற்காமல் வந்துகொண்டிருந்தன.

இந்த அறிகுறியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நிரல் ஓடுகிறது, நேரம் ஓடவில்லை. இப்படி இருந்தால் மெஷின் தொங்கவில்லை. ஏதோ ஒரு கோர், இன்டரப்ட்டை (டைமர், கீபோர்டு போன்றவை சிபியுவை இடைமறித்துக் கூப்பிடும் அழைப்பை) மூடிவிட்டுத் திறக்க மறந்து, தன் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருக்கிறது.

தம்பி என்னிடம் வரும்போதே விடையோடு வந்தான்.

“அக்கா, கண்டுபிடிச்சுட்டேன். பிரேக்பாயிண்ட் வரும்போதே இன்டரப்ட் மூடித்தான் இருக்கு. ஹேண்ட்லர்ல பிரிண்ட் போட்டுப் பார்த்தேன்.”

“எந்த ஃபிளாக்கைப் பார்த்தே?”

“இப்ப சிபியுல இருக்குறதைத்தான்.”

“வாசலைத் தாண்டி உள்ள வந்தப்புறம் பார்த்திருக்கே. உள்ள நுழைஞ்சதும் அந்தக் கதவு தானா மூடிக்கும்ப்பா.”

அவனுக்கு அன்று மதியம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். கட்டளைப் பெயர்களையும் தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன்; தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

எந்த ஃபிளாக்கைக் கேட்கிறோம்?

இன்டரப்ட் திறந்திருக்கிறதா என்பது எக்ஸ்86-இல் ஒரே ஒரு பிட். ஃபிளாக் ரெஜிஸ்டரின் 9-ஆம் பிட், இன்டரப்ட் ஃபிளாக். அதற்கு அடுத்து 8-ஆம் பிட், டிராப் ஃபிளாக். அது 1 ஆக இருந்தால் ஒரு கட்டளை முடிந்ததும் சிபியு 1-ஆம் எண் எக்ஸெப்ஷனை எழுப்பும், அதாவது ஓட்டத்தை நிறுத்தி அந்த எண்ணுக்கான ஹேண்ட்லர் என்ற கெர்னல் ஃபங்ஷனுக்குத் தாவும். சிங்கிள் ஸ்டெப் (ஒரு நேரத்தில் ஒரே ஒரு கட்டளையை ஓட்டுவது) நடப்பது இதை வைத்துத்தான். பிரேக்பாயிண்ட்டின் எண் 3.

ஹெக்ஸில் இந்த ரெஜிஸ்டரைப் படிக்க எனக்கு ஒரு குறுக்குவழி உண்டு. வலமிருந்து மூன்றாவது இலக்கத்தை மட்டும் பார்ப்பேன். 2 என்றால் இன்டரப்ட் திறந்திருக்கிறது. 0 என்றால் மூடியிருக்கிறது. 1 என்றால் மூடியிருக்கிறது, கூடவே சிங்கிள் ஸ்டெப் நடக்கிறது. 3 என்றால் இரண்டும். ஆக 246 திறப்பு, 046 மூடல், 146 ஸ்டெப். கடைசி இரண்டு இலக்கங்கள் முந்தைய கணக்கின் மிச்சம். மாறிக்கொண்டே இருக்கும், கண்டுகொள்ள வேண்டாம். எப்போதாவது மூன்றாவது இலக்கத்தில் 8 கூடி வரும். அது ஓவர்ஃப்ளோ, கழித்துவிட்டுப் படியுங்கள்.

சிக்கல் என்னவென்றால், பிரேக்பாயிண்ட் ஹேண்ட்லருக்குள் நிற்கும்போது இந்த ஒரு பிட்டுக்கு மூன்று பிரதிகள் இருக்கும். சிபியுவில் இப்போது இருப்பது ஒன்று. எக்ஸெப்ஷன் வந்த கணத்தில் சிபியு ஸ்டாக்கில் தள்ளிய ஃபிரேமில் (திரும்பிப் போகத் தேவையானவற்றின் தொகுப்பு) இருப்பது இன்னொன்று. கெர்னல் தன் கணக்குப் புத்தகத்தில் எழுதிவைத்திருப்பது மூன்றாவது. எம்ஐடியின் பாடக் கெர்னலான எக்ஸ்வி6-ஐ (பழைய எக்ஸ்86 வடிவம்) படித்தவர்களுக்கு இந்த மூன்றாவது தெரிந்திருக்கும். எத்தனை முறை மூடச் சொன்னார்கள் என்று ஒவ்வொரு சிபியுவுக்கும் ஒரு எண்ணிக்கை, முதல் முறை மூடும்போது ஏற்கனவே திறந்திருந்ததா என்று ஒரு குறிப்பு. திறக்கும் வேளையில் கணக்குக்கும் சிபியுவுக்கும் ஒத்துப்போகவில்லை என்றால் அங்கேயே பேனிக் அடித்து நின்றுவிடும். எனக்கு அந்த முரட்டுத்தனம் பிடிக்கும்.

“பிரேக்பாயிண்ட் விழுந்த இடத்தில் இன்டரப்ட் திறந்திருந்ததா?” என்ற கேள்விக்கு ஃபிரேமில் இருக்கும் பிரதி மட்டும்தான் பதில் சொல்லும். தம்பி கேட்டது சிபியுவை.

கதவைப் பாருங்கள்

சிபியு உள்ளே நுழையும் வழி இன்டரப்ட் டிஸ்கிரிப்டர் டேபிளில் இருக்கிறது. ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு கேட். கேட்டின் வகை நான்கு பிட். 1110 என்றால் இன்டரப்ட் கேட், 1111 என்றால் டிராப் கேட். இரண்டுக்கும் வித்தியாசம் ஒன்றே ஒன்று: இன்டரப்ட் கேட் வழியாக நுழைந்தால் சிபியு தானாக இன்டரப்ட்டை மூடிவிடும், டிராப் கேட் அப்படியே விட்டுவிடும். டிராப் ஃபிளாக்கை இரண்டுமே அணைத்துவிடும். எது எப்படியானாலும், திரும்பும்போது ஐரெட் கட்டளை ஃபிரேமில் உள்ள ஃபிளாக்கை எடுத்து சிபியுவில் வைத்துவிடும்.

பிரேக்பாயிண்ட்டுக்கு எப்போதும் இன்டரப்ட் கேட்டையே வையுங்கள். டிராப் கேட் வைத்தால், ஹேண்ட்லர் முதல் வரியில் கால் வைக்கும்போதே டைமர் வந்து மேலே ஏறலாம். டைமர் போகும் வழியிலும் ஒரு பிரேக்பாயிண்ட் இருந்தால் உங்கள் பதிவேடு நாசம். லினக்ஸும் 3-ஆம் எண்ணுக்கு இன்டரப்ட் கேட்டைத்தான் வைத்திருக்கிறது, யூசர் நிரலும் தொடக்கூடிய உரிமையோடு. எங்கள் கெர்னலிலும் 1110 சரியாகவே இருந்தது. அதனால்தான் தம்பியின் பிரிண்ட் எப்போதும் மூடல் என்றே சொன்னது. அவன் எந்த ஃபங்ஷனில் வைத்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருக்கும்.

பிரிண்ட் போடாதீர்கள்

இன்னொரு காரணத்துக்காகவும் அவனைக் கொஞ்சம் கடிந்துகொண்டேன். பிரிண்ட்டுக்குள் கன்சோல் லாக் இருக்கிறது. அதே கோர் அந்த லாக்கைக் கையில் வைத்திருக்கும்போது பிரேக்பாயிண்ட் விழுந்தால், ஹேண்ட்லர் தன் கையில் இருக்கும் லாக்குக்காகத் தானே காத்து நிற்கும். அவன் பிரேக்பாயிண்ட் வைத்ததோ லாக் எடுக்கும் ஃபங்ஷனிலேயே! அன்று அது தொங்காதது அதிர்ஷ்டம்.

அதற்குப் பதிலாக ஒவ்வொரு கோருக்கும் ஒரு வளையப் பதிவேடு வையுங்கள். என்னுடையதில் ஒரு பதிவு 64 பைட், மொத்தம் 256 பதிவு, ஆக கோருக்கு 16 கேபி. ஒவ்வொரு பதிவிலும் ஏழு எண்கள்: சிபியுவின் நேர எண்ணி, கோர் எண், ஹேண்ட்லரில் எந்த இடம், ஃபிரேமில் உள்ள கட்டளை முகவரி, ஃபிரேமில் உள்ள ஃபிளாக், சிபியுவில் இப்போது உள்ள ஃபிளாக், கணக்குப் புத்தகத்தின் எண்ணிக்கை. லாக் வேண்டாம், மெமரி கேட்க வேண்டாம். எழுதிவிட்டு நகர வேண்டியதுதான். பிறகு மெஷினை நிறுத்தி, ஜிடிபி என்ற டீபக்கரில் அந்த மெமரியைக் கொட்டிப் படித்துக்கொள்ளலாம்.

ஒரு எழுத்தாவது உடனே கண்ணில் பட வேண்டும் என்று கை அரித்தால், மெஷினை மென்பொருளிலேயே போலியாக ஓட்டும் க்யூஎமுவில் டீபக்கான் என்ற வசதி இருக்கிறது. அதை இயக்கிவிட்டு 233-ஆம் போர்ட்டில் ஒரு பைட்டை எழுதினால் வெளியே ஓர் எழுத்தாக வரும். ஒரே கட்டளை, லாக் கிடையாது.

எங்கே எங்கே பதிய வேண்டும்? பிரேக்பாயிண்ட் ஒன்று முழுதாகக் கடக்க ஹேண்ட்லருக்குள் இரண்டு முறை போய்வர வேண்டும். ஃபங்ஷனின் முதல் பைட்டில் இன்ட்3-ஐ (மதிப்பு 204) எழுதியிருக்கிறோம். அது விழுந்ததும் 3-ஆம் எண் ஹேண்ட்லர் வருகிறது. ஃபிரேமில் உள்ள முகவரி அந்த பைட்டைத் தாண்டி நிற்கும். ஒன்றைக் கழித்தால்தான் உண்மையான இடம். அந்த இடத்தில் முதலில் இருந்த கட்டளையின் நகலைத் தனியாக ஓர் இடத்தில் வைத்திருக்கிறோம். ஹேண்ட்லர், ஃபிரேமில் டிராப் ஃபிளாக்கை ஏற்றி, இன்டரப்ட் ஃபிளாக்கை இறக்கி, முகவரியை அந்த நகலுக்கு மாற்றி ஐரெட் செய்கிறது. ஒரே ஒரு கட்டளை ஓடுகிறது. உடனே 1-ஆம் எண் ஹேண்ட்லர் வந்து ஃபிளாக்கைப் பழையபடி ஆக்கி, அடுத்த கட்டளைக்கு அனுப்புகிறது. நடுவில் இன்டரப்ட்டை இறக்குவது ஏன் என்றால், அந்த ஒரு கட்டளை ஓடுவதற்குள் டைமர் நுழைந்து வேறொரு பிரேக்பாயிண்ட்டில் இடறினால், கோருக்கு ஒன்றாக வைத்திருக்கும் நம் குறிப்புகள் மேலெழுதப்பட்டுவிடும்.

ஆக நான்கு இடம்: முதல் நுழைவு, முதல் ஐரெட்டுக்கு முன், இரண்டாம் நுழைவு, இரண்டாம் ஐரெட்டுக்கு முன்.

நான்கும் சரி, ஆனாலும் தவறு

பதிவேட்டைக் கொட்டிப் பார்த்தோம். ஃபிரேமில் இருந்த ஃபிளாக் வரிசையாக 246, 146, 146, 246. பாடப்புத்தகத்தில் போடலாம், அவ்வளவு சுத்தம். திறந்த நிலையில் வந்தது, மூடி ஸ்டெப் செய்தது, திரும்பத் திறந்து அனுப்பியது. ஆனால் கடிகாரம் நிற்கிறது. அடுத்த வருகையிலேயே முதல் எண் 046. இரண்டு வருகைக்கும் நடுவில் யாரோ மூடியிருக்கிறார்கள்.

இந்த இடத்தில் தம்பி என் முகத்தைப் பார்த்தான். நான் டீ குடிக்கப் போனேன். சில நேரம் அதுதான் முறை.

திரும்பி வந்து, ஸ்பின்லாக் எடுக்கும் ஃபங்ஷனின் மெஷின் கோடைத் திறந்தோம். முதல் பைட் 156. அது புஷ்எஃப், ஃபிளாக் ரெஜிஸ்டரை ஸ்டாக்கில் தள்ளும் கட்டளை. லாக் எடுப்பவர்கள் எல்லாரும் செய்வதுதான்: முதலில் ஃபிளாக்கைத் தள்ளி வைத்துக்கொள், பிறகு சிஎல்ஐ போட்டு மூடு, லாக்கை விடும்போது தள்ளிவைத்ததை பாப்எஃப் போட்டுத் திரும்ப எடு.

இப்போது யோசியுங்கள். அந்த புஷ்எஃப் எப்போது ஓடியது? நம்முடைய சிங்கிள் ஸ்டெப்பில், ஃபிளாக் 146 ஆக இருந்தபோது. ஃபங்ஷன் தள்ளிவைத்துக்கொண்டது தன்னுடைய 246-ஐ இல்லை. நாம் வேஷம் போட்டுவைத்த 146-ஐ. ஹேண்ட்லர் ஃபிரேமைச் சரி செய்துவிட்டது. ஸ்டாக்கில் அந்தக் கட்டளை தள்ளிவிட்டுப் போன சொல்லை யார் சரி செய்வது?

எங்கள் ஹேண்ட்லரில் பாதி வேலை நடந்திருந்தது. யாரோ ஒரு முன்னோர் புஷ்எஃப்-ஐக் கவனித்து, ஸ்டாக் உச்சியில் உள்ள சொல்லில் டிராப் ஃபிளாக்கை மட்டும் அணைத்திருந்தார். செய்யாமல் விட்டிருந்தால் பாப்எஃப் வந்த நிமிடமே எதிர்பாராத 1-ஆம் எண் எக்ஸெப்ஷன் வெடித்திருக்கும், அதைப் பார்த்துத்தான் திருத்தியிருப்பார். இன்டரப்ட் ஃபிளாக் விஷயம் சத்தமில்லாமல் தப்பியது. உச்சியில் 046. லாக்கை விடும்போது அது சிபியுவில் ஏறியது. அதன் பிறகு வந்த ஒவ்வொரு லாக்கும் 046-ஐ உண்மையாகவே தள்ளி, 046-ஐ உண்மையாகவே எடுத்தது. எங்கள் மெயின் லூப் கெர்னலுக்குள்ளேயே ஓடுவதால் யூசர் பக்கம் போய் ஃபிளாக் புதுப்பிக்கப்படவும் வழியில்லை.

திருத்தம் இரண்டு வரி. 1-ஆம் எண் ஹேண்ட்லரில், ஓடிய கட்டளை 156 என்றால், ஃபிரேமில் உள்ள ஸ்டாக் முகவரி காட்டும் சொல்லில் இரண்டு ஃபிளாக்கையும் அணைத்துவிட்டு, முதல் நுழைவில் குறித்துவைத்த பழைய ஃபிளாக்கிலிருந்து அந்த இரண்டையும் எடுத்து வைக்க வேண்டும். 64 பிட்டில் ஃபிரேமில் ஸ்டாக் முகவரி எப்போதும் இருக்கும், ஐந்து சொற்களில் அதுவும் ஒன்று. அதனால் தேட வேண்டியதில்லை. லினக்ஸில் இதே போல பிரேக்பாயிண்ட் வைத்துத் தடம் பார்க்கும் கேபுரோப் நிரலிலும் பல வருடம் இதே திருத்தம்தான் இருந்தது.

ஃபிளாக்கைத் தொடும் கட்டளைகள் எல்லாமே ஸ்டெப் செய்யும்போது வம்பு. பைட் மதிப்புகளைச் சுவரில் ஒட்டிவைத்திருக்கிறேன்: புஷ்எஃப் 156, பாப்எஃப் 157, ஐரெட் 207, சிஎல்ஐ 250, இன்டரப்ட்டைத் திறக்கும் எஸ்டிஐ 251. புஷ்எஃப்-க்கு ஸ்டாக்கைத் திருத்த வேண்டும். மற்றவற்றுக்கு நேர் எதிர்: பழைய இன்டரப்ட் ஃபிளாக்கைத் திரும்ப வைக்கவே கூடாது. சிஎல்ஐ ஓடி மூடிய கையோடு நீங்கள் பழைய 246-ஐ வைத்தால், மூடச் சொன்ன நிரல் திறந்த கதவோடு உள்ளே போகும். அந்தக் கட்டளை ஃபிரேமில் என்ன விட்டுச் சென்றதோ அதை நம்புங்கள்.

இதைவிடச் சுலபமான வழி, அந்தக் கட்டளைகளை ஓட்டாமலே இருப்பது. சிஎல்ஐ என்றால் ஃபிரேமில் ஒரு பிட்டை அணைத்துவிட்டு முகவரியை ஒன்று கூட்டினால் முடிந்தது. நகல் வேண்டாம், ஸ்டெப் வேண்டாம். லினக்ஸ் 2021-இல் கேபுரோப்பில் இந்த வழிக்கு மாறியது. புஷ்எஃப்-ஐ மட்டும் இப்படிச் செய்ய ஒரு தடை உண்டு. கெர்னலுக்குள்ளேயே எக்ஸெப்ஷன் வந்தால் ஃபிரேம் அதே ஸ்டாக்கில், உச்சிக்கு அடியிலேயே ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். புதிதாக ஒரு சொல்லைத் தள்ள இடமில்லை. லினக்ஸ் இதற்காக இன்ட்3 நுழைவில் ஃபிரேமைக் கீழே நகலெடுத்து ஆறு சொல் அளவுக்கு இடைவெளி விடுகிறது. எங்களுக்கு அந்த அளவுக்குப் பொறுமை இல்லை. சிஎல்ஐ, எஸ்டிஐ இரண்டையும் ஹேண்ட்லரே செய்துவிடும், புஷ்எஃப், பாப்எஃப் இரண்டையும் ஸ்டெப் செய்து திருத்துவோம், ஐரெட்டில் பிரேக்பாயிண்ட் வைக்கவே விடமாட்டோம்.

க்யூஎமுவும் பொய் சொல்லும்

இதையெல்லாம் நிஜப் பலகையில் பார்ப்பதைவிட க்யூஎமுவில் பார்ப்பது நிம்மதி. சின்ன எஸ், பெரிய எஸ் இரண்டையும் கொடுத்துத் தொடங்கினால் 1234-ஆம் போர்ட்டில் ஜிடிபிக்காகக் காத்து நிற்கும். கேவிஎம் (நிஜ சிபியுவிலேயே நேராக ஓட்டுவது) இல்லாமல், டிசிஜி (கட்டளைகளை மொழிபெயர்த்து மென்பொருளில் ஓட்டுவது) முறையில் ஓட்டுங்கள். டிசிஜியில் ஜிடிபி வைக்கும் பிரேக்பாயிண்ட் விருந்தாளிக் கெர்னலின் மெமரியைத் தொடாது. அதனால் உங்கள் 3-ஆம் எண் ஹேண்ட்லரின் உள்ளேயே தாராளமாக நிறுத்திப் பார்க்கலாம். கேவிஎம்மில் அது நிஜமாகவே 204-ஐ மெமரியில் எழுதும்.

‘டி இன்ட்’ என்ற பதிவு விருப்பத்தை க்யூஎமுவுக்குக் கொடுத்தால் ஒவ்வொரு எக்ஸெப்ஷனுக்கும் ஒரு வரி, அதன் கீழ் ரெஜிஸ்டர்கள். ‘வி=03’ என்று தேடுங்கள்; கீழே ஃபிளாக் இருக்கும். அது நுழைவதற்கு முந்தைய மதிப்பு, ஆக ஃபிரேமில் விழப்போவது. உங்கள் பதிவேட்டின் முதல் எண்ணோடு ஒப்பிட்டு, ஒத்துப்போகாவிட்டால் பதிவேடு எழுதும் நிரலிலேயே கோளாறு.

இங்கே ஒரு பள்ளம். நான் விழுந்து ஒரு முழு சாயங்காலத்தை இழந்தது. ஜிடிபியில் ஒவ்வொரு கட்டளையாக நகர்த்தினால் கோளாறு வரவே வராது. காரணம், ஸ்டெப் செய்யும் நேரத்தில் க்யூஎமு இன்டரப்ட்டையும் டைமரையும் தானாகத் தடுத்துவைக்கிறது. அந்த அமைப்பின் மதிப்பு முன்னிருப்பாக 7: ஸ்டெப்புக்கு 1, இன்டரப்ட் தடுக்க 2, டைமர் தடுக்க 4. ஜிடிபியின் மெயின்டனன்ஸ் பாக்கெட் கட்டளையில் எஸ்ஸ்டெப் மதிப்பை 1 ஆக்கினால் இரண்டும் வரத் தொடங்கும். அப்புறம் ஒவ்வொரு ஸ்டெப்பிலும் டைமர் ஹேண்ட்லருக்குள் இழுத்துப் போகும், எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் அதுதான் நிஜம்.

இன்டரப்ட் மூடிச் சிக்கிக்கொண்ட கெர்னலை உசுப்ப, க்யூஎமுவின் மானிட்டர் என்ற கட்டளைத் திரையில் என்எம்ஐ (மூட முடியாத இன்டரப்ட்) என்று ஒரு கட்டளை உண்டு. என்எம்ஐ, இன்டரப்ட் ஃபிளாக்கைச் சட்டை செய்யாது. அதன் ஹேண்ட்லரில், வந்த ஃபிரேமையும் கடைசியாக எந்த முகவரியில் மூடினோம், எங்கே திறந்தோம் என்பதையும் காட்டச் சொல்லுங்கள். இந்த ‘கடைசியாக மூடிய இடம், திறந்த இடம்’ யோசனை லினக்ஸில் லாக் பிழைகளைத் தேடும் லாக்டெப்பிலிருந்து நான் சுட்டது. கோருக்கு இரண்டு முகவரிதான் செலவு.

திறக்கலாமா ஹேண்ட்லருக்குள்?

பழைய நிரல்களில் ஹேண்ட்லரின் முதல் வரியிலேயே ஒரு எஸ்டிஐ பார்த்திருக்கிறேன். ‘எக்ஸெப்ஷன் நீளமாகப் போகும், இன்டரப்ட்டைத் தடுக்கக் கூடாது’ என்ற நல்லெண்ணம். லாக்கைப் பிடித்தபடி மூடிய நிலையில் ஓடும் நிரலில் பிரேக்பாயிண்ட் விழுந்து, இந்த எஸ்டிஐ திறந்துவிட்டு, டைமர் வந்து அதே லாக்கைக் கேட்டால் கதை முடிந்தது. திறப்பதாக இருந்தால் ஃபிரேமில் 246 இருந்தால் மட்டும் திறக்க வேண்டும், திரும்பும் முன் மூட வேண்டும். லினக்ஸ் அந்தச் சலுகையையும் யூசர் பக்கத்திலிருந்து வந்த பிரேக்பாயிண்ட்டுக்கு மட்டுமே தருகிறது. கெர்னலுக்குள் விழுந்த இன்ட்3-ஐ 2020-இல் வந்த 5.8 முதல் என்எம்ஐ போலவே நடத்துகிறது: எங்கே வேண்டுமானாலும் விழலாம், எதையும் நம்பாதே, எதையும் திறக்காதே. நானும் அப்படியே செய்கிறேன்.

ஃபிளாக்கில் தெரியாத நிலைகள்

246-ஐயும் 046-ஐயும் பார்த்துப் பழகியபின், அந்தப் பிட்டில் தெரியாத இரண்டு விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது எஸ்டிஐ-க்கு அடுத்த கட்டளை. மூடியிருந்த இன்டரப்ட்டை எஸ்டிஐ திறந்தாலும், அடுத்த ஒரு கட்டளை முடியும்வரை சிபியு இன்டரப்ட்டை உள்ளே விடாது. சும்மா இருக்கும் கோரைத் தூங்கவைக்க எல்லாரும் இதை நம்பித்தான் எஸ்டிஐ, ஹால்ட் என்று அடுத்தடுத்து எழுதுகிறோம். இரண்டுக்கும் நடுவில் எதுவும் நுழைய முடியாது, அதனால் எழுப்ப வந்த இன்டரப்ட் தூங்கிய பிறகே வரும், எழுப்பும். இப்போது அந்த ஹால்ட்டில் (244) பிரேக்பாயிண்ட் வையுங்கள். பாதுகாப்பான அந்த ஒரு கட்டளை இடைவெளியை நம் இன்ட்3 தின்றுவிட்டது. ஸ்டெப் செய்யாமல், பழைய பைட்டைத் திரும்ப வைத்து அதே இடத்துக்கு அனுப்பும் ஹேண்ட்லர் என்றால், ஐரெட் செய்து திரும்பும்போது ஃபிளாக் 246, இடைவெளி இல்லை. காத்திருந்த இன்டரப்ட் ஹால்ட்டுக்கு முன்பே நுழைந்து, வேலையை வரிசையில் வைத்துவிட்டுப் போய்விடும். அப்புறம் கோர் நிம்மதியாகத் தூங்கும், செய்ய வேண்டிய வேலை பக்கத்தில் காத்திருக்க. எங்களுக்கு விநாடிக்கு 100 டிக் என்பதால் அதிகபட்சம் 10 மில்லிசெகண்ட் தாமதம், யாருக்கும் தெரியாது. சும்மா இருக்கும்போது டிக்கை நிறுத்தும் கெர்னலில் இது நீண்ட தூக்கமாகிவிடும். எந்தப் பதிவேட்டிலும் ஒரு எண்கூடத் தப்பாக இருக்காது என்பதுதான் இதன் கொடுமை.

இரண்டாவது என்எம்ஐ. ஒரு என்எம்ஐ வந்தால், அடுத்த ஐரெட் ஓடும்வரை சிபியு இன்னொன்றைத் தடுத்துவைக்கும். எந்த ஐரெட் என்று அது பார்ப்பதில்லை. என்எம்ஐ ஹேண்ட்லரின் நடுவில் பிரேக்பாயிண்ட் விழுந்து, அதன் ஐரெட் ஓடினால் தடை நீங்கிவிடும். முதல் என்எம்ஐ முடியும் முன்பே அடுத்தது அதே ஸ்டாக்கில் வந்து இறங்கலாம். என்எம்ஐ ஹேண்ட்லர் கூப்பிடும் எதிலும் நாங்கள் பிரேக்பாயிண்ட்டை அனுமதிப்பதில்லை.

ஸ்டாக் செக்மென்ட்டை மாற்றும் கட்டளைக்குப் பின்னாலும் இதே போல ஒரு கட்டளை இடைவெளி உண்டு. அங்கே டீபக் எக்ஸெப்ஷனும் தள்ளிப்போகும். அதற்கு அடுத்து இன்ட்3 வந்தால், தள்ளிப்போன எக்ஸெப்ஷன் கெர்னலின் முதல் கட்டளையில் வந்து விழும். 2018 மே மாதத்தில் சிவிஇ-2018-8897 என்ற பாதுகாப்புக் குறை எண்ணோடு லினக்ஸ், விண்டோஸ், மேக், ஃப்ரீபிஎஸ்டி என்று வரிசையாக எல்லாரும் அதற்குத் திருத்தம் வெளியிட்டார்கள். சிபியு கையேட்டின் அந்தப் பத்தியை எல்லாருமே ஒரே மாதிரி தப்பாகப் புரிந்துவைத்திருந்தார்கள் என்பதில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

சோதனை

திருத்தியபின் பூட் ஆகும்போதே ஓடும்படி ஒரு சோதனை எழுதினோம். சின்னச் சின்ன ஐந்து ஃபங்ஷன். அவற்றின் முதல் கட்டளை முறையே நாப் (எதுவும் செய்யாத கட்டளை), சிஎல்ஐ, எஸ்டிஐ, புஷ்எஃப், பாப்எஃப். ஒவ்வொன்றிலும் பிரேக்பாயிண்ட் வைத்து, ஒரு முறை இன்டரப்ட் திறந்த நிலையிலும் ஒரு முறை மூடிய நிலையிலும் கூப்பிட வேண்டும். மொத்தம் பத்து. ஒவ்வொன்றுக்கும் பிறகு சிபியுவின் ஃபிளாக், ஸ்டாக்கில் தள்ளிய சொல், கணக்குப் புத்தகம் மூன்றையும் பிரேக்பாயிண்ட் இல்லாமல் ஓட்டியபோது வந்த மதிப்போடு ஒப்பிட வேண்டும். பாப்எஃப்-க்கு மட்டும், இப்போதைய நிலைக்கு எதிரான மதிப்பை ஸ்டாக்கில் வைத்துவிட்டுக் கூப்பிடுங்கள். ஒரே மதிப்பை வைத்தால் அந்தச் சோதனைக்கு அர்த்தமே இல்லை.

முதல் முறை ஓட்டிய அன்று பத்தில் எட்டுதான் தேறியது. திறந்த நிலையில் சிஎல்ஐ, திறந்த நிலையில் மூடிய மதிப்பை எடுக்கும் பாப்எஃப், இரண்டும் விழுந்தன. பன்னிரண்டு வருடமாக அந்த இரண்டு கட்டளைகளில் தொடங்கும் ஃபங்ஷனில் யாரும் பிரேக்பாயிண்ட் வைக்கவில்லை, அவ்வளவுதான். சிஎல்ஐ-யை ஹேண்ட்லரே செய்துவிடும்படி மாற்றியதும், பாப்எஃப் விட்டுச்சென்ற ஃபிளாக்கை நம்பியதும் அதற்குப் பிறகுதான்.

பிரேக்பாயிண்ட் வைக்க விடாத இடங்களின் மறுப்புப் பட்டியலில் இப்போது ஹால்ட், ஐரெட், என்எம்ஐ வழி, 1 மற்றும் 3-ஆம் எண் ஹேண்ட்லர்கள், அவை கூப்பிடும் எல்லாம் இருக்கின்றன. பதிவேட்டில் எழுதும் ஃபங்ஷனை அதில் சேர்க்க மறந்துவிட்டோம். தம்பி அதையே தேர்ந்தெடுத்து பிரேக்பாயிண்ட் வைத்தான். வேண்டுமென்றுதான் வைத்தேன் என்று இன்றுவரை சாதிக்கிறான்.